மழையும் மிதிவண்டியும் மூக்குக் கண்ணாடியும்



கடந்த அக்டோபர் மாதத்தில் ஒரு பிற்பகல். மாலை வகுப்புக்காக மாணவர்கள் வந்துகொண்டிருந்த வேளையில் மழை கொட்டத் தொடங்கியது. ஐந்தாம் ஆண்டில் பயிலும் மாணவன் ஒருவன் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு பள்ளி வாயிலில் நுழைந்தான். முழங்காலில் குருதி, உள்ளங்கையில் சிராய்ப்பு. சாலையோரத்தில் நிறுத்தி வைத்திருந்த மகிழுந்து ஒன்றின் பின்புறத்தில் மோதி விழுந்துவிட்டானாம். காயத்தைத் துடைத்து மருந்திடும்போதுதான் கவனித்தேன்; எப்போதும் முகத்தில் இருக்கும் மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை.

"கண்ணாடி உடைஞ்சிருச்சாப்பா?" என்று கேட்டேன்.

"இல்லை சார், பத்திரமா இருக்கு" என்று பெருமையோடு கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு, ஒரு நெகிழிப் பையில் சுற்றி வைத்திருந்த கண்ணாடியை எடுத்துக் காட்டினான். "மழை வந்தா கழட்டிப் பத்திரமா வச்சிடணும்னு அம்மா சொல்லியிருக்காங்க சார்."

கண்ணாடி பத்திரமாக இருந்தது. பிள்ளைதான் அடிபட்டு நின்றான்.

அந்தத் தாயைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில், என் தாயாரும் எனக்கு இதையேதான் சொன்னார். கிள்ளானுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன் நான். பத்து வயதில் கண்ணாடி போட்டேன். தோட்டத்தில் கண்ணாடி அணிந்த சிறுவர்கள் அந்நாளில் இரண்டு மூன்று பேர்தாம். மழை தூறினால் உடனே கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் புத்தகப் பைக்குள் வைத்துவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தைத் தவறாமல் கடைப்பிடித்த ஒரு நாளில் வளைவு எங்கே முடிகிறது என்று தெரியாமல், மிதிவண்டியோடு வடிகாலில் விழுந்தேன். முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றும் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை!

இரண்டு தலைமுறைகளாகத் தொடரும் இந்த அறிவுரை எங்கிருந்து வந்தது? இன்றும் அது பொருந்துமா? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் மிதிவண்டியின் வரலாறும் கண்ணாடியின் வரலாறும் நம் தோட்டங்களின் வரலாறும் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன.

மிதிவண்டி வந்த வழி

1888ஆம் ஆண்டில் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், காற்றடைத்த இரப்பர் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். தம் மகனின் மூன்று சக்கர வண்டி கரடுமுரடான சாலையில் அதிராமல் ஓட வேண்டும் என்பதற்காகவே அவர் அதை உருவாக்கினார். ஒரு தந்தை தம் பிள்ளையின் மீது கொண்ட அன்பிலிருந்து பிறந்த கண்டுபிடிப்பு அது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1885இல், ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவுள்ள, சங்கிலியால் இயங்கும் மிதிவண்டியை இங்கிலாந்தில் வடிவமைத்திருந்தார். இவ்விரண்டும் சேர்ந்தபோதுதான் இன்று நாம் ஓட்டும் மிதிவண்டி உருவானது.

அந்தச் சக்கரத்துக்கு இரப்பர் வேண்டுமே! 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 இரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கிய பயிர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் காடுகளைத் தோட்டங்களாக மாற்றியது. கிள்ளான் வட்டாரத்தில் அந்தத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். உலகத்தின் சக்கரங்களுக்குப் பால் எடுத்துக் கொடுத்த நம் முன்னோர், பிற்காலத்தில் கூலியில் மிச்சம் பிடித்துத் தாங்களும் ஒரு மிதிவண்டி வாங்கினர்.

ஆனால், வாங்கிய வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து செல்ல அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. எதிரே துரையோ தோட்ட அதிகாரியோ வந்தால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். 'தமிழ் நேசன்' நாளிதழின் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன் அதை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர். (1924இல் தொடங்கப்பட்ட அந்நாளிதழ் 2019இல் நின்றுபோனது.) ஊதிய உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு, அதிகாரிகளைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. அவ்வாண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர்.

மிதிவண்டி மீது உட்கார்ந்து செல்வது என்பது நம் வட்டாரத்தில் உயிர் கொடுத்துப் பேசப்பட்ட ஓர் உரிமை. இதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். கட்டுரையின் இறுதியில் இச்செய்திக்கு மீண்டும் வருகிறேன்.

மூக்கின் மேல் ஏறிய ஆடி

இனிக் கண்ணாடியின் கதைக்கு வருவோம். 'ஆடி' என்பது முகம் பார்க்கும் பொருளைக் குறித்த பழந்தமிழ்ச் சொல். முகம் பார்க்கும் 'கண்ணாடி'யே பின்னாளில் பார்வைக்கு உதவும் பொருளுக்கும் பெயராயிற்று. அது மூக்கின் மேல் அமர்வதால் மூக்குக் கண்ணாடி என்று நம் மக்கள் பொருத்தமாக அழைத்தனர்.

பார்வைக் கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றியது. தென்னிந்தியாவிலும் அதன் வரவு பழையதே. விசயநகரத்தில் வாழ்ந்த வியாசதீர்த்தர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ணாடி அணிந்து நூல் படித்த செய்தி, சோமநாதர் என்னும் புலவர் அவரைப் பற்றி எழுதிய வடமொழி நூலில் காணப்படுவதை ஆய்வாளர் பி.கே. கோடே எடுத்துக்காட்டியுள்ளார்.

அக்காலக் கண்ணாடிக்குக் காதில் மாட்டும் கொக்கி கிடையாது. கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். அல்லது மூக்கைக் கவ்வும்படி வைக்க வேண்டும். அது உட்கார்ந்து படிப்பவர்களுக்கான பொருள். 1730ஐ ஒட்டித்தான் இலண்டனில் எட்வர்ட் ஸ்கார்லெட் என்ற கண்ணாடி வணிகர், தலையின் இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் காம்புகளோடு கண்ணாடி விற்றார். 19ஆம் நூற்றாண்டில் காதைச் சுற்றி வளையும் கம்பிக் காம்புகள் வந்தன. குதிரையில் செல்வோர்க்கு அது மிகவும் உதவியது. உட்கார்ந்து படித்தவர்களின் கண்ணாடி அப்போதுதான் ஓடுகிறவர்களின் கண்ணாடியாக மாறியது. குதிரைக்குப் பொருந்தியது மிதிவண்டிக்கும் பொருந்தியது.

கண்ணாடியைக் காத்த காலம்

ஆயினும் ஒரு குறை நீடித்தது. வில்லை உண்மையான கண்ணாடியால் ஆனது. அது கனமானது, ஈரமானால் மூக்கிலிருந்து வழுக்கும், விழுந்தால் உடையும். உடைந்த துண்டு கண்ணிலேயே பாயும் ஆபத்தும் உண்டு. தோட்டத்துக் குடும்பத்துக்கோ ஒரு கண்ணாடி என்பது பெருஞ்செலவு. அதை வாங்க என் தந்தையார் இரண்டு மாதம் கடை வரவைக் குறைத்துக்கொண்டதை நான் அறிவேன். உடைந்தால் மறுபடியும் கிள்ளான் பட்டணத்துக்குப் போக வேண்டும். வில்லையை அரைத்துத் தரும்வரை நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை கரும்பலகை தெரியாது.

ஆகவே 'மழை வந்தால் கழற்றி வை' என்று அன்றைய தாய்மார் சொன்னது அறியாமை அன்று. அந்தப் பொருளின் இயல்பை அறிந்து சொன்ன சொல் அது. தோட்டத்துச் செம்மண் சாலையில் வண்டிகளும் குறைவு. விழுந்தால் முட்டி தேயும், அவ்வளவே.

பிறகு இரண்டும் மாறின. சாலையும் மாறியது, வில்லையும் மாறியது. அறிவுரை மட்டும் மாறவில்லை.

மாறிய வில்லை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட சி.ஆர். 39 என்னும் நெகிழி, 1947இல் மூக்குக் கண்ணாடிக்கு வில்லையாக வந்தது. அதன் எடை கண்ணாடியின் எடையில் ஏறத்தாழப் பாதி. 1972 முதல் அமெரிக்காவில், பார்வைக் கண்ணாடிகள் அடியைத் தாங்க வேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தது. ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து வில்லையின் மீது போட்டால் அது உடையக் கூடாது. இதுவே சோதனை.

அடுத்து வந்தது பாலிகார்பனேட். 1953இல் செர்மனியிலும் அமெரிக்காவிலும் இரண்டு ஆய்வாளர்கள் தனித்தனியே கண்ட இப்பொருள், 1980களில் பார்வை வில்லையாகப் பரவியது. தொழிற்கூடங்களில் கண் காப்புக்கு அணியும் கண்ணாடிகள் பலவும் இதனாலேயே ஆனவை. விழுந்தால் கீறல் விழலாம். எளிதில் உடைந்து சிதறாது.

மிதிவண்டிப் பந்தய உலகிலும் கண்ணாடி அணிந்தவர்கள் வென்றிருக்கிறார்கள். 1983, 1984 ஆகிய ஈராண்டுகளிலும் பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற போட்டியில் வெற்றி பெற்ற லோரான் பின்யோன், தம் வட்டக் கண்ணாடியின் காரணமாகப் 'பேராசிரியர்' என்றே அழைக்கப்பட்டார். கண்ணாடி போட்ட பிள்ளைக்கு விளையாட்டு வராது என்று எண்ணும் பெற்றோருக்கு இவருடைய கதையைச் சொல்லுங்கள்.

கழற்றினால் என்ன தெரியும்?

இங்கே ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். கிட்டப்பார்வை உடையவர், கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தொலைவுவரை தெளிவாகப் பார்க்க முடியும் என்பதை அறிய, 100ஐக் கண்ணாடியின் பவரால் வகுத்தால் போதும். விடை சென்டிமீட்டரில் வரும். நான் குறிப்பிட்ட மாணவனின் பவர் மைனஸ் 2.50. நூறை 2.50ஆல் வகுத்தால் 40. அதாவது, நாற்பது சென்டிமீட்டருக்கு அப்பால் அவனுக்கு எதுவும் தெளிவில்லை. அவன் பிடித்திருக்கும் மிதிவண்டியின் கைப்பிடியே அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது! அவன் மோதிய மகிழுந்தோ சாம்பல் நிறம். மழையோ சாம்பல் நிறம்.

கண்ணாடி மேல் மழைத்துளி விழுந்தால் பார்வை மறைவது உண்மைதான். ஒவ்வொரு துளியும் தானே ஒரு சிறு வில்லையாகி ஒளியைத் தாறுமாறாக வளைக்கிறது. ஆனால், துளி விழுந்த இடம் மட்டுமே கலங்குகிறது. துளிகளுக்கு இடையே பார்வை இருக்கிறது. கழற்றிவிட்டாலோ எல்லா இடமும் கலங்குகிறது. அதோடு மழை நேரே கண்ணில் அடித்து இமை தானாக மூடிக்கொள்கிறது.

கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வது ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர்தான். நம் கிள்ளான் பள்ளத்தாக்கில், அதிலும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டி, இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வருகிறது. மாலை வகுப்புக்கும் பிரத்தியேக வகுப்புக்கும் பிள்ளைகள் போய்வரும் நேரமும் அதுவே. 'மழையில் மட்டும்தானே கழற்றுகிறான்' என்று சொல்லிவிட முடியாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

அந்த மாணவனின் தாயாரோடு பேசினேன். அவனுக்கு எப்படியும் பவர் மாறியிருந்ததால் புதுக் கண்ணாடி வாங்கவேண்டி இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் அவர்களுக்கு உறவினர் இருப்பதால் அங்கே வாங்க விரும்பினர். என்னையும் உடன் வரச் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை கிள்ளானிலிருந்து கொமுட்டர் தொடர்வண்டியில் கே.எல். சென்ட்ரல் சென்று இறங்கினோம். அன்று கடையில் கேட்டதும் நான் முன்பே அறிந்ததும் சேர்த்துப் பெற்றோர்களுக்காகத் தொகுத்துத் தருகிறேன்.

முதலாவது, வில்லை. மிதிவண்டி ஓட்டும் பிள்ளைக்குப் பாலிகார்பனேட் நல்லது என்பது என் கருத்து. சாதாரண நெகிழி வில்லையைவிட விலை சற்றுக் கூடுதல். எளிதில் கீறலும் விழும். எனவே கீறல் தாங்கும் பூச்சு உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். நிறமற்ற தெளிந்த வில்லையே வேண்டும். மழைமேகம் சூழும்போது கறுப்புக் கண்ணாடி பார்வையை மேலும் குறைக்கும்.

இரண்டாவது, பூச்சு. நீர் ஒட்டாத பூச்சு உள்ள வில்லைகள் இப்போது கிடைக்கின்றன. கடைக்காரர்கள் 'கோட்டிங்' என்பார்கள். இதனால் நீர் பரவிப் படலமாகாமல் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடும். ஆயினும், மெதுவாக ஓட்டும் பிள்ளையின் கண்ணாடியில் எல்லாத் துளிகளும் ஓடிவிடுவதில்லை. பூச்சு மட்டுமே போதும் என்று நம்பிவிடக் கூடாது.

மூன்றாவது, சட்டம். முகத்தை ஒட்டி இருந்தால் மழை உள்ளே புகாது. மிகவும் ஒட்டினால் மூச்சுக்காற்றாலும் உடல் வெப்பத்தாலும் பனி படரும். இரண்டுக்கும் நடுவே இமைமயிர் வில்லையில் படாத அளவு இடைவெளி வேண்டும். தலையைக் குனிந்து ஆட்டினாலும் வழுக்கக் கூடாது. கடையிலேயே ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். காம்பின் நுனியில் மென்மையான இரப்பர் இருந்தால் ஈரத்திலும் நிற்கும். முகத்தைச் சுற்றி வளையும் விளையாட்டுக் கண்ணாடிகள் அழகாகத்தான் இருக்கின்றன. பவர் அதிகமான பிள்ளைகளுக்கு அவற்றின் ஓரங்களில் காட்சி கோணலாகத் தெரியலாம். தேர்ச்சி பெற்றவரின் கருத்தைக் கேட்டே வாங்குங்கள்.

நான்காவது, யாரிடம் வாங்குவது? நம் நாட்டில் 1991ஆம் ஆண்டு கண்ணாடித் தொழில் சட்டத்தின்படி, பார்வைக் கண்ணாடி தருவோர் பதிவு பெற்றிருக்க வேண்டும். இரவுச் சந்தையில் அடுக்கி வைத்திருக்கும் கண்ணாடியைப் பிள்ளையின் முகத்தில் வைத்துப் பார்த்து வாங்காதீர்கள்.

ஐந்தாவது, கண்ணாடிக்கு வெளியே உள்ளவை. தலைக்கவசத்தின் முன்புறம் ஒரு நீட்டம் இருந்தால், அல்லது கவசம் சரியாகப் பொருந்துமாறு உள்ளே மெல்லிய முன்முனைத் தொப்பி ஒன்றை அணிந்தால், மழையின் பெரும்பகுதி வில்லையை எட்டுவதில்லை. முன்சக்கரத்துக்கு மட்கார்ட் இருந்தால் சாலைச் சேறு முகத்தில் தெறிக்காது. செலவு குறைந்த இவ்விரண்டும், விலை உயர்ந்த பூச்சைவிட அதிகம் உதவும் என்பது என் பட்டறிவு.

கடைசியாக, துடைக்கும் முறை. ஈரக் கண்ணாடியைச் சட்டை நுனியால் தேய்த்தால் அதில் படிந்த மண்துகள் வில்லையைக் கீறும். முதலில் நீரில் அலச வேண்டும். பிறகே மென்துணியால் ஒற்ற வேண்டும். அந்த மாணவன் நெகிழிப் பைக்குள் இப்போது கண்ணாடியை வைப்பதில்லை. துடைக்கும் துணியை நனையாமல் வைத்திருக்கிறான்!

இறங்குவது இழிவன்று

கண்ணாடி வாங்கிக்கொண்டு துன் சம்பந்தன் சாலை வழியாக நடந்து வந்தோம். 2010இல் 'லிட்டில் இந்தியா' என்று அறிவிக்கப்பட்ட பகுதி அது. நடைபாதையில் பதித்திருந்த வரிகளுள்ள மஞ்சள் கற்களைக் காட்டி, "இது எதுக்கு சார்?" என்று மாணவன் கேட்டான். நான் விடை சொல்லுமுன்னே வெண்கோல் ஒன்றைத் தட்டியபடி ஒருவர் அந்தக் கற்களின் வழியே எங்களைக் கடந்து சென்றார். 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இயங்குகிறது. பார்வை இல்லாதோர் தனித்து நடந்து, பயின்று, தொழில் செய்து வாழும் இடம் அது. "பார்வை இல்லாத அவங்களே வழியைக் கவனிச்சு நடக்குறாங்க. இருக்கிற பார்வையை நீ பையில வச்சிட்டுப் போனியேப்பா" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தாயார்தான், "அது நான் சொன்னது சார். எங்கம்மா எனக்குச் சொன்னது" என்றார்.

மரபாக வரும் அறிவுரைகளை நான் மதிக்கிறேன். ஆனால், ஒவ்வோர் அறிவுரையும் எந்தப் பொருளுக்காக, எந்தச் சாலைக்காகச் சொல்லப்பட்டது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடியைக் காக்கச் சொன்ன காலம் முடிந்துவிட்டது. இனிப் பிள்ளையைக் காக்கக் கண்ணாடி இருக்கட்டும்.

என் மாணவர்களுக்கு இப்போது ஒரு விதியைச் சொல்லிக் கொடுக்கிறேன். 'கண்ணாடியைக் கழற்றவேண்டிய அளவுக்கு மழை பெய்தால், மிதிவண்டியை விட்டும் இறங்கிவிடு.' துடைத்தும் சாலை தெரியவில்லை என்றால், இடி இடித்தால், அருகிலுள்ள கடையின் ஐந்தடியில் ஒதுங்கி நில். வகுப்புக்குத் தாமதமாக வந்தால் நான் கடிந்துகொள்ள மாட்டேன். ஆசிரியர்களே, இந்த உறுதியை நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்காவிட்டால் எந்தக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தும் பயனில்லை. தாமதத்துக்கு அஞ்சித்தான் பல பிள்ளைகள் மழையில் விரைகிறார்கள்.

1941இல் நம் முன்னோர், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க மாட்டோம் என்று கிள்ளான் மண்ணில் எழுந்து நின்றார்கள். அது மானத்தின் குரல். அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் கொட்டும் மழையைக் கண்டு இறங்கி நிற்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை. அது அறிவின் செயல். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுங்கள். கண் தெரிந்து ஓட்டுங்கள். தெரியாதபோது இறங்கி நில்லுங்கள்.

இன்று மாலை உங்கள் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மழை வந்தா உன் கண்ணாடியை என்ன பண்ணுவே?" அவன் சொல்லும் விடையில் உங்கள் தாயாரின் குரல் கேட்கலாம்.